மலையுச்சியில் ஒரு காவற்குடில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் பேசுமாறு என்னை அழைத்த செயலாளர், "இலக்கியம் பற்றிப் பேசுங்கள்" என்று கூறினார். இலக்கியம் பேசுவதற்கு என்னினும் தகுதி வாய்ந்தோர் இவ்வவையில் பலர் உளர். நான் கட்டடப் பொறியியல் கற்று, பிழைப்புக்காக இந்நகருக்கு வந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன். சங்கத்தில் எனக்கு வாய்த்த பொறுப்பு ஒன்றே ஒன்றுதான்: பத்தொன்பது ஆண்டுகளாக நம் வாசகசாலையின் சாவி என்னிடம் இருக்கிறது. சென்ற பொதுக்குழுவில் அந்த வாசகசாலையைப் பற்றி எழுந்த விவாதத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். படிப்பார் இல்லாத அறையை மூடிவிட்டு, இடத்தை வேறு எதற்கேனும் வாடகைக்கு விடலாம் என்று சிலர் கூறினர். கூடாது என்று சிலர் கூறினர். நான் வாய் திறவாமல் அமர்ந்திருந்தேன். அன்று நான் பேசாததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைச் சொல்வதற்கு முன்னர், கடல் கடந்த நாட்டில் நான் இரண்டு இரவு தங்கிய ஒரு சிறு குடிலின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

2023ஆம் ஆண்டில் நானும் என் மனைவியும் அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியில், ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் வாழும் எங்கள் மகளின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை அந்நாட்டில் விடுமுறை; போரில் உயிர் நீத்த வீரரை நினைவுகூரும் நாள். சனி, ஞாயிறோடு அதனையும் சேர்த்துக்கொண்டு காட்டிற்குச் செல்வோம் என்று மகள் கூறினாள். "தங்குவதற்கு இடம் வாடகைக்கு எடுத்திருக்கிறோம், அப்பா. ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு செய்துவிட்டோம்" என்றாள்.

காட்டில் வாடகை இடம் என்றதும், பணியின் நிமித்தம் நம் நாட்டில் நான் தங்கிய வனத்துறை விடுதிகள் நினைவுக்கு வந்தன. முன்புறம் அகன்ற தாழ்வாரம், சாய்வு நாற்காலி, பின்புறம் சமையற்கட்டு, வாயிலில் வணக்கம் கூறி நிற்கும் காவற்காரர் ஆகிய யாவும் கண்முன் தோன்றின. "அங்கே காவற்காரர் இருப்பாரா? சமைப்பதற்கு ஆள் உண்டா?" என்று கேட்டேன். மகள் சிரித்துவிட்டாள். "இரண்டு இரவுக்கும் நாம்தாம் அப்பா காவற்காரர்" என்றாள். அதன் முழுப்பொருள் அப்பொழுது எனக்கு விளங்கவில்லை.

அமெரிக்க நாட்டில் 'தேசியப் பூங்கா' என்பது வேறு, 'தேசிய வனம்' என்பது வேறு. பூங்காக்கள், இயற்கையின் அழகை உள்ளவாறே போற்றிக் காட்டுவதற்காக ஒதுக்கப்பட்டவை. தேசிய வனங்களோ மரம், மேய்ச்சல், நீர்வளம், பொழுதுபோக்கு எனப் பல பயன்களையும் மக்களுக்குத் தருவதற்காக அமைந்தவை. 1905ஆம் ஆண்டில், தியோடர் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில், இவ்வனங்களை ஆள்வதற்கென்று வேளாண்மைத் துறையின்கீழ் வனப்பணித் துறை என்னும் அமைப்பு தோன்றியது. கிஃபோர்டு பின்ஷோ என்பார் அதன் முதல் தலைவர். இன்று அத்துறையின் பொறுப்பில் 150க்கும் மேற்பட்ட தேசிய வனங்கள் உள்ளன. நாங்கள் சென்றது மவுண்ட் ஹூட் தேசிய வனம். 11,000 அடிக்கும் மேல் உயர்ந்து, ஆண்டு முழுவதும் பனி மூடி நிற்கும் ஹூட் என்னும் எரிமலையின் பெயரே அவ்வனத்தின் பெயர். அம்மலைக்குக் கிழக்கே, ஃபைவ்மைல் பியூட் என்னும் குன்றின்மேல் நிற்கிறது நாங்கள் வாடகைக்கு எடுத்த இடம்.

அது வீடும் அன்று, விடுதியும் அன்று. ஏறத்தாழ நாற்பது அடி உயரமுள்ள மரக்கால்களின்மேல் நிற்கும் ஓர் அறை. நாற்புறமும் கண்ணாடிச் சாளரம். சுற்றிலும் ஆள் நடக்கக்கூடிய ஒரு குறுகிய நடைமேடை. ஒரு காலத்தில் காட்டுத்தீயைக் கண்டறிவதற்காகக் காவலர் அமர்ந்திருந்த கோபுரம் அது. கீழிருந்து அண்ணாந்து பார்த்தபொழுது, தினைப்புனத்தின் நடுவே நம் முன்னோர் கட்டிய இதணம் என் நினைவுக்கு வந்தது. கிளி கடியும் மகளிர் ஏறி அமர்ந்த பரணைத்தான் நம் பண்டை இலக்கியம் இதணம் என்கிறது. காவலின் பொருள் வேறாயினும், உயர்ந்த இடத்தில் ஒரு சிறு கூடு கட்டிக்கொண்டு நாற்றிசையும் நோக்கும் அந்த அமைப்பு ஒன்றே.

வாயிலில் ஆள் இல்லை. எண்களைத் திருப்பித் திறக்கும் பூட்டு ஒன்று தொங்கியது. பதிவு செய்தவர்க்கு அந்த எண் முன்கூட்டியே தெரிவிக்கப்படுகிறது. என் பேத்தி அதைத் திருப்பினாள், பூட்டுத் திறந்துகொண்டது. எங்களை யாரும் சோதிக்கவில்லை. யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. முழங்கால் வலியோடு படிகளில் நின்று நின்று ஏறினேன். குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய தண்ணீர் முழுவதையும் நாங்களே குடங்குடமாகச் சுமந்து ஏற்ற வேண்டியிருந்தது. அரிசியும் பருப்பும் ரசப்பொடியும் என் மனைவியின் பையில் இருந்தன. கழிப்பிடம் கீழே, சற்றுத் தொலைவில். நள்ளிரவில் எழுந்தால் கைவிளக்குடன் நாற்பது அடி இறங்கி ஏற வேண்டும். "இதற்கா பணம் கொடுத்தீர்கள்?" என்று என் மனைவி மகளைக் கேட்டாள். நானும் மனத்துக்குள் அதையே கேட்டுக்கொண்டேன்.

உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு விறகடுப்பு, ஒரு துடைப்பம். அடுப்பின் அருகே மெல்லிய சிராய்களாகப் பிளந்து அடுக்கிய விறகும், அதன்மேல் ஒரு தீப்பெட்டியும் இருந்தன. எங்களுக்கு முன்னர்த் தங்கியவர் யாரோ, தாம் புறப்படும் அவசரத்திலும், அடுத்து வருவோர் குளிரில் நடுங்கிக்கொண்டே விறகு பிளக்க நேரக்கூடாது என்று எண்ணி அதனைச் செய்து வைத்திருக்கிறார். அவர் யார் என்பதை நாங்கள் அறியோம். நாங்கள் யார் என்பதை அவரும் அறியார். அந்தச் சிராய்களால் அடுப்பை மூட்டி என் மனைவி ரசம் வைத்தாள்.

இத்தகைய குடில்கள் எழுந்த வரலாறு நெருப்பில் தொடங்குகிறது. 1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20, 21 ஆகிய இரு நாட்களில், ஐடஹோ, மான்டானா மாநிலங்களிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும், பல இடங்களில் சிறுசிறு தீயாக எரிந்துகொண்டிருந்தவை பெருங்காற்றினால் ஒன்று கூடின. ஏறத்தாழ முப்பது லட்சம் ஏக்கர் காடு சாம்பலாயிற்று. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் தீயை அணைக்கச் சென்ற தொழிலாளர். எட் புலாஸ்கி என்னும் வனக்காவலர், தம்முடன் இருந்த நாற்பதுக்கும் மேற்பட்டோரை ஒரு பழைய சுரங்கத்துக்குள் ஓட்டிச் சென்று, அச்சத்தால் வெளியே ஓட முயன்றோரைத் தடுத்து நிறுத்தினார். சிலர் உள்ளேயே மாண்டனர், எஞ்சியோர் பிழைத்தனர். ஒரு புறம் கோடரியும் மறுபுறம் மண்வெட்டியுமாக அமைந்த தீயணைப்புக் கருவி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அந்தப் பெருந்தீ, ஐந்தே ஆண்டு நிரம்பிய இளம் துறையை உலுக்கிவிட்டது. தீயைச் சிறிதாக இருக்கும்பொழுதே கண்டுபிடித்துவிட வேண்டும் என்னும் உறுதி பிறந்தது. மலையுச்சிதோறும் காவற்குடில்கள் எழுந்தன. 1933 முதல் 1942 வரை, வேலையற்ற இளைஞர்க்கு வேலை தருவதற்காக ஃபிராங்கிளின் ரூஸ்வெல்ட் அரசு நடத்திய இளைஞர் படையினர் சாலை அமைத்தனர், மரம் நட்டனர், கோபுரமும் கட்டினர். பதினான்கு அடி நீளம், பதினான்கு அடி அகலம் என்பது மிகவும் பரவிய அளவு. பலகைகளையும் சட்டங்களையும் கீழேயே அளவாக அறுத்து, கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி, உச்சியில் கொண்டுபோய்ப் பொருத்துவர். கட்டடம் கட்டுவதையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு, அந்தக் கழுதைகளை எண்ணும்பொழுது பெருமதிப்பு உண்டாகிறது.

குடிலின் நடுவே நின்ற கருவியைப் பற்றியும் கூற வேண்டும். ஆஸ்பார்ன் என்னும் வனத்துறை அலுவலர் உருவாக்கியது அது. அவர் பெயராலேயே வழங்குவது. வட்டமான தட்டு, அதன்மேல் சுற்றுவட்டாரத்தின் நிலப்படம். படத்தின் மையப்புள்ளியே அந்தக் குடில். தட்டைச் சுற்றி 360 பாகை குறித்த வளையம். ஒரு புறம் சிறு துளை. மறுபுறம் செங்குத்தாகக் கட்டிய குதிரைமயிர். துளையின் வழியே நோக்கி, தொலைவில் எழும் புகையையும் குதிரைமயிரையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்தால், புகை எத்திசையில் எத்தனையாவது பாகையில் உள்ளது என்பது தெரியும். ஆயினும் ஒரு குடிலின் கணக்கால் திசைதான் கிட்டும். தொலைவை ஊகிக்க வேண்டும். மற்றொரு மலையில் இருப்பவர் தம் கணக்கைச் சொன்னால், இரு கோடுகளும் வெட்டும் இடமே தீ எரியும் இடம். தனிமையிலேயே வாழ்ந்த அக்காவலர், தம் தொழிலைச் செவ்வனே முடிக்க இன்னொரு தனிமனிதரை நம்பியிருந்தனர் என்பது எண்ணத்தக்கது.

மின்னல் வேளையில் நிற்பதற்கென்று நான்கு கால்களிலும் கண்ணாடிக் குமிழ் பொருத்திய ஒரு முக்காலி உண்டு. மின்னோட்டம் உடலில் பாயாதிருக்க அது காப்பு. ஊரெல்லாம் ஓடி ஒளியும் இடிமழை நேரந்தான் தீக்காவலர் விழித்திருக்க வேண்டிய நேரம். எங்கு எங்கு மின்னல் இறங்கியது என்று குறித்துக்கொண்டு, பல நாட்கள் அவ்விடங்களைக் கண்காணிப்பர்.

இப்பணியில் பெண்டிரும் தொடக்கத்திலேயே ஈடுபட்டனர். 1913ஆம் ஆண்டில் ஹாலி டாகெட் என்னும் பெண்மணி, கலிபோர்னியா மாநிலத்துக் கிளாமத் தேசிய வனத்தில் எட்டி கல்ச் என்னும் உச்சியில் காவலராக அமர்ந்தார். தனிமைக்கு அஞ்சி விரைவில் இறங்கிவிடுவார் என்று எண்ணுவோர் எக்காலத்தும் உண்டு அல்லவா? அவர் பதினைந்து கோடைகள் அங்கே காவல் புரிந்தார். பிற்காலத்தில் எழுத்தாளர் சிலரும் இத்தனிமையை நாடிச் சென்றனர். கவிஞர் கேரி ஸ்னைடர் 1952, 1953 ஆகிய ஆண்டுகளின் கோடைகளில் வாஷிங்டன் மாநிலத்து மலைகளில் காவலராக இருந்தார். நாவலாசிரியர் ஜாக் கெரோவாக் 1956இல் அப்பகுதியிலேயே டெசலேஷன் சிகரத்தில் 63 நாட்கள் இருந்தார்.

நாங்கள் இருந்தவை இரண்டே இரவுகள். எனினும் காவலின் அருமை ஓரளவு புலப்பட்டது. முதல் நாள் இரவு மழை தூறியது. விடியற்காலையில் எழுந்து நடைமேடையில் நின்றேன். மேற்கே ஹூட் மலையின் பனிமுடி வெண்சிவப்பாக ஒளிர்ந்தது. கீழே ஊசியிலை மரங்கள் கரும்பச்சையாய்ப் பள்ளத்தாக்கு வரை இறங்கின. ஒரு மடிப்பிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ நூலிழைபோல் எழுந்தது. "புகை! புகை!" என்று கூவிவிட்டேன். வீடே விழித்துக்கொண்டது. மருமகன் தொலைநோக்கியை எடுத்து வந்து வெகுநேரம் பார்த்தார். அந்த இழை மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து, கிழிந்து, ஒன்றுமில்லாமல் மறைந்தது. மழைக்குப் பின் எழும் மூடுபனித் துணுக்கு அது. இவ்வாறு ஏமாற்றும் பனித்துணுக்குகளை அந்நாட்டுக் காவலர் 'தண்ணீர் நாய்கள்' என்று கேலியாக அழைப்பர். புகை ஓரிடத்தில் வேரூன்றி நின்று எழும், பனி அலையும். "தாத்தா பிடித்த நாய் ஓடிப்போயிற்று" என்று பேத்தி அன்று முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அச்சமே காவல் ஆகாது, எதற்கு அஞ்ச வேண்டும் என்னும் தெளிவும் வேண்டும் என்று அன்று கற்றேன்.

இதனினும் பெரிய பாடம் ஒன்றை அந்த வனத்துறையே தன் வரலாற்றில் கற்றது. 1935ஆம் ஆண்டில் அத்துறை ஒரு விதி செய்தது: எந்தத் தீயையும், கண்டறிந்த மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்த விதியே அது. 1910இன் நினைவு அவ்வாறு செய்யத் தூண்டியது. விதியைக் காவலரும் வீரரும் உயிரைக் கொடுத்து நிறைவேற்றினர். நிறைவேறிய பின்னரே அதன் மறுபுறம் தெரிந்தது. அந்நிலத்துப் பொன்னிறப் பட்டை கொண்ட பாண்டெரோசா பைன் மரக்காடுகள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு தவழ்ந்து செல்லும் சிறுதீக்குப் பழகியவை. தடித்த பட்டை மரத்தைக் காக்கும். சருகும் புதரும் எரிந்து தரை தூய்மையாகும். லாட்ஜ்போல் பைன் என்னும் மரத்தின் காய்களுள் பல, வெப்பம் பட்டாலன்றி வாய்திறந்து விதை உதிர்ப்பதில்லை. அந்நிலத்தின் தொல்குடி மக்கள், காட்டுக்கனிப் புதர்கள் தழைக்கும்பொருட்டுத் தாமே அளவாகத் தீயிட்டு வந்தனர். இவை அனைத்தையும் நிறுத்தி, ஒரு தீப்பொறியும் விடாமல் அணைத்த பல பத்தாண்டுகளில், சருகும் சுள்ளியும் நெருங்கிய இளமரங்களும் காட்டின் அடியில் குவிந்தன. பின்னர்த் தீ பற்றியபொழுது அது தரையோடு தவழவில்லை. மர உச்சிக்குத் தாவி, அனைத்தையும் அழித்தது. இன்று வெப்பமும் வறட்சியும் மிகுந்து வருவதால் அவ்வழிவு மேலும் கொடியதாகிறது. 1970களில் வனத்துறை அந்தப் பத்துமணி விதியைக் கைவிட்டது. எத்தீயை அணைப்பது, எத்தீயைக் கண்காணிப்போடு எரியவிடுவது, எப்பொழுது தாமே அளவாகத் தீயிடுவது என்று ஆராய்ந்து செய்யும் முறை வந்தது.

இதற்கிடையே குடில்களின் காலமும் மாறிற்று. வானூர்தி வந்தது; சாலைகள் பெருகின; பின்னர் ஒளிப்படக் கருவிகளும் செயற்கைக்கோள்களும் வந்தன. ஆயிரக்கணக்கில் இருந்த கோபுரங்களுள் பெரும்பாலானவை வேலை இழந்தன. இன்றும் கோடையில் சில நூறு கோபுரங்களில் காவலர் அமர்கின்றனர். மனிதக் கண்ணுக்கு ஈடான கருவி இல்லை என்று வாதிடுவோரும் உளர். ஆனால் ஆளில்லாக் கோபுரம் ஆபத்து என்று கருதி, பலவற்றை வனத்துறையே தீயிட்டு அழித்தது. தீயைக் காண்பதற்காகப் பிறந்தவை தீயிலேயே முடிந்தன.

எஞ்சியவற்றுள் சிலவற்றைக் காப்பாற்றியது எது தெரியுமா, அன்பர்களே? பூட்டு அன்று, வேலி அன்று, வாடகை! ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு கட்டணம் விதித்து, குடிலை யார் வேண்டுமாயினும் எடுத்துத் தங்கலாம் என்று வனத்துறை திறந்துவிட்டது. ஓரிகன், வாஷிங்டன், ஐடஹோ, மான்டானா, கலிபோர்னியா ஆகிய மாநிலங்களில் இத்தகைய குடில்கள் இன்று உள்ளன. கட்டணம் பெரும்பாலும் நூறு டாலருக்கு உட்பட்டது. 2004ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, இவ்வாறு வசூலாகும் தொகையில் பொதுவாக நூற்றுக்கு 80 பங்குக்குக் குறையாமல், வசூலான இடத்திற்கே திரும்பிவருகிறது. நாங்கள் கொடுத்த பணம் ஒரு சாளரக் கண்ணாடியாகவோ, நடைமேடையின் ஒரு பலகையாகவோ மாறும். 1990இல் தோன்றிய காட்டுத்தீக் காவற்குடில் அன்பர் கழகமும், ஆங்காங்குள்ள தொண்டர் குழுக்களும், பழுதான குடில்களைத் தம் கையாலேயே செப்பனிடுகின்றன.

உங்களுள் பலரின் மக்கள் அந்நாட்டில் வாழ்கின்றனர். சென்று தங்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள் சொல்வேன். அரசின் பதிவுத் தளத்தில் கணிப்பொறி வழியே முன்பதிவு செய்ய வேண்டும். விடுமுறை நாட்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். தண்ணீர், படுக்கை, விளக்கு, உணவு யாவும் நாமே கொண்டுசெல்ல வேண்டும். சில குடில்களுக்கு வண்டி செல்லும். சிலவற்றுக்குப் பல மைல் நடக்க வேண்டும். பனிக்காலத்தில் பாதையே மூடியிருக்கும். புறப்படுமுன் அவ்வட்டார வன அலுவலகத்தைக் கேட்டுத் தெளிதல் நலம். சிறு குழந்தைகளை நடைமேடையில் தனியே விடலாகாது. தீத்தடை விதித்திருக்கும் நாட்களில் வெளியே அடுப்பு மூட்டக் கூடாது. குப்பையில் ஒரு துணுக்கும் விடாமல் திரும்ப எடுத்து வர வேண்டும்.

தீயைப் பற்றிய இவ்வறிவுரையை ஒரு சம்பிரதாயமாகக் கொள்ள வேண்டா. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், நம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றோரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் உயிர் நீத்தனர். அவருள் இளைஞர் பலர். காட்டை நேசிப்பது மட்டும் போதாது. காட்டின் இயல்பையும் பருவத்தையும் அறிந்து செல்ல வேண்டும் என்பதை அந்தத் துயரம் நமக்கு உணர்த்திவிட்டது.

மூன்றாம் நாள் காலை புறப்பட்டோம். குடிலில் ஒட்டியிருந்த தாளில், செல்வதற்கு முன் செய்ய வேண்டியவை எழுதப்பட்டிருந்தன: அடுப்புச் சாம்பல் குளிர்ந்ததா என்று பார், தரையைப் பெருக்கு, சாளரங்களை மூடு, கதவைப் பூட்டு. மகள் பெருக்கினாள், மனைவி மேசையைத் துடைத்தாள், மருமகன் விறகு பிளந்தார். என் முறை வந்தபொழுது, அந்த விறகைச் சிராய்களாகச் சீவி அடுப்பருகே அடுக்கினேன். பேத்தி அதன்மேல் ஒரு புதிய தீப்பெட்டியை வைத்தாள். இரண்டு இரவுக்கு நாம்தாம் காவற்காரர் என்று மகள் சொன்னதன் பொருள் அப்பொழுதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது.

மேசைமேல் ஒரு தடித்த குறிப்பேடு இருந்தது. தங்கியோர் எழுதி வைப்பது. மணம் புரிந்து வந்தோர், மனம் நொந்து வந்தோர், தந்தையின் சாம்பலைத் தூவ வந்தோர், வெறுமனே உறங்க வந்தோர் எனப் பலரும் எழுதியிருந்தனர். எழுபது வயது கடந்து படியேறிய என் பங்குக்கு நானும் நான்கு வரி எழுதினேன், தமிழில் எழுதினேன். அடுத்து வருவோர்க்கு அது புரியாமற்போகலாம். எனினும் இங்கே இப்படி ஒரு மொழி பேசுவோரும் வந்து பெருக்கிவிட்டுப் போயினர் என்பது தெரியுமல்லவா?

இப்பொழுது, பொதுக்குழுவில் நான் பேசாதிருந்ததன் காரணத்தைச் சொல்கிறேன். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னர் நான் வாசகசாலைப் பொறுப்பை ஏற்றபொழுது, அலமாரிகளுக்குப் பூட்டு இல்லை. எவரும் எடுப்பர், படிப்பர், வைப்பர். ஒரு முறை கணக்கெடுத்தபொழுது மூன்று நூல்கள் குறைந்தன. உடனே நான்கு அலமாரிகளுக்கும் பூட்டு வாங்கினேன். நூல் வேண்டுவோர் எழுதிக் கொடுக்க வேண்டும், ஞாயிறு மாலை நான் வரும்பொழுது பெற வேண்டும், அங்கேயே இருந்து படிக்க வேண்டும் என்று விதி செய்தேன். அதன் பிறகு ஒரு நூலும் காணாமற்போகவில்லை என்று ஆண்டுதோறும் அறிக்கை படித்தேன், நீங்களும் கைதட்டினீர்கள். ஆனால் எழுதிக் கொடுப்போர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தனர். பொதுக்குழு கூடுவதற்கு முன்வாரம் மூன்றாம் அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டு முழுவதும் கறையான். முதுகட்டை மட்டும் நிற்க, உள்ளே மண். யார் கையும் படாமல் நான் காத்த நூல்கள் அவை. காணாமற்போன அந்த மூன்று நூல்களேனும் எங்கேனும் ஒரு வீட்டில் யாரோ ஒருவர் கையில் இருக்கக்கூடும்.

எனது பத்துமணி விதி அது, அன்பர்களே. நல்லெண்ணத்தோடுதான் செய்தேன். படிப்பார் இல்லை என்று இளைஞரைக் குறை கூறினோம். கதவைத் திறக்கவிடாதவன் நான்.

வாசகசாலையை மூட வேண்டா என்பதே என் வேண்டுகோள். அதன் பழைய வேலை போயிருக்கலாம். செய்தித்தாளுக்காகவும் வார இதழுக்காகவும் இன்று எவரும் அங்கு வரவேண்டியதில்லை. அந்த மலைக்குடிலின் பழைய வேலையும் போனதுதான். ஆயினும் அதைத் திறந்து, வருவோர் கையிலேயே துடைப்பத்தையும் கொடுத்ததனால் அது நிற்கிறது. நம் அறையையும் அவ்வாறே திறப்போம். மாலை நேரத்தில் மாணவர் அமர்ந்து பாடம் படிக்கட்டும். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் தாய்மார் அங்கே கூடட்டும். நூலை எவரும் எடுத்துச் செல்லட்டும். வருவோர் ஒவ்வொருவரும் புறப்படுமுன் பெருக்கிவிட்டு, ஒரு நூலைத் தூசி தட்டி வைத்துவிட்டுப் போகட்டும். சில நூல்கள் காணாமற்போகும், போகட்டும்.

அலமாரிப் பூட்டுகள் நான்கையும் சென்ற ஞாயிறன்று கழற்றிவிட்டேன். கறையான் தின்ற தட்டை நானும் இரண்டு மாணவரும் சேர்ந்து மருந்திட்டுத் துடைத்திருக்கிறோம். அறையின் வாயிற்சாவி ஒன்றுதான் மிச்சம். இதோ என் கையில் இருக்கிறது. இதனைச் சங்கத்தின் இளைஞர் பிரிவிடம் ஒப்படைக்குமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, அவர்தம் மேசையில் வைத்து, விடைபெறுகிறேன்.